எந்த நாள் முதல் எந்த நாள் வரை? பேராக்கின் மரணக் கணக்குகளை வாசிக்கும் முறை

மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு அரசாங்கத்திடமே இரண்டு விடைகள் உண்டு. புள்ளிவிவரத் துறை முதலில் வெளியிட்ட எண் 166,507. அதே துறை அடுத்த ஆண்டு வெளியிட்ட ஏட்டில், அதே 2020-க்கு 166,970 என்று இருந்தது. இடையில் 463 பேர் கூடியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வேறுபாடு கண்ணில் பட்டதும் ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. சில நாடுகளில், சில காலங்களில் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் பெரும்பாலான வேறுபாடுகளுக்குக் காரணம் அத்தனை பெரியதல்ல. இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு கால எல்லைகளுக்கு உரியவை. கணக்கு எந்த நாளில் திறக்கப்பட்டது, எந்த நாளில் மூடப்பட்டது, ஒரு சாவு எந்த நாளின் கீழ் எழுதப்பட்டது என்ற மூன்றும் தெரியாமல் ஒரு மரண எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

பேராக் மாநிலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நூற்றைம்பது ஆண்டுக் காலனிய, தேசிய ஆவணங்கள் இதற்கு உண்டு. ரப்பர்த் தோட்டங்களின் சாவுக் கணக்கும் ஜப்பானியர் கால இடைவெளியும் கோவிட் காலப் பதிவுகளும் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. தோட்டப்புறத் தமிழர்களைப் பற்றிப் பேசும் எவரும் எப்போதாவது ஒரு மரண எண்ணை எடுத்துக்காட்டத்தான் செய்கிறார்கள். அந்த எண்ணின் தேதியைச் சொல்பவர்கள்தாம் குறைவு.

ஒரு சாவுக்கு மூன்று தேதிகள்

தீபகற்ப மலேசியாவில் பிறப்பு, இறப்புப் பதிவுகளை ஆள்வது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். கோவிட் காலத்தில் இருந்த விதிப்படி, மரணம் நிகழ்ந்த ஏழு நாள்களுக்குள் அதைத் தேசியப் பதிவுத் துறையில் பதிய வேண்டியிருந்தது. மருத்துவமனையில் உயிர் பிரிந்தால் மருத்துவர் காரணத்தை எழுதித் தந்தார். வீட்டில் பிரிந்தால் குடும்பத்தார் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே அடக்கம் செய்யும் அனுமதிச் சீட்டு கிடைத்தது. காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் உறவினர் சொன்னதே ஏறியது. பிறகு அந்தத் தகவல் பதிவுத் துறையிலிருந்து புள்ளிவிவரத் துறைக்குச் செல்கிறது.

ஆக, ஒரே சாவுக்கு இறந்த தேதி, பதிவான தேதி, அறிவிக்கப்பட்ட தேதி என்று மூன்று தேதிகள் சேர்ந்துவிடுகின்றன. டிசம்பர் 29-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் இறந்தவரின் பெயர் ஜனவரி 4-ஆம் தேதி பதிவேட்டில் ஏறலாம். பதிவான தேதியை வைத்து எண்ணும் அட்டவணையில் அவர் புத்தாண்டுக்காரர். இறந்த தேதியை வைத்து எண்ணும் அட்டவணையில் பழைய ஆண்டுக்காரர். சாதாரண ஆண்டுகளில் இது பெரிய தொந்தரவு தருவதில்லை. இந்த டிசம்பரில் தள்ளிப்போகிறவர்களுக்கு ஈடாகப் போன டிசம்பரிலிருந்து தள்ளி வந்தவர்கள் இருப்பார்கள். ஊரடங்கோ வெள்ளமோ பதிவு அலுவலகங்களை முடக்கும் ஆண்டில்தான் கணக்கு சாய்கிறது. தாமதமாக வந்த பதிவுகள் இறந்த தேதிக்குரிய ஆண்டில் போய்ச் சேரும்போது, பழைய ஆண்டின் எண் பின்னாளில் வளர்கிறது. காலாண்டு வெளியீடுகளைத் தற்காலிகமானவை என்று புள்ளிவிவரத் துறை குறிப்பிடுவதும் இதனால்தான்.

2021 செப்டம்பர் 11-ஆம் தேதி இந்த மூன்றாம் தேதி நாட்டையே உலுக்கியது. அன்று சுகாதார அமைச்சு அறிவித்த கோவிட் மரணங்கள் 592. மலேசியாவில் ஒரே நாளில் அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய எண் அது. ஆனால் அந்த 592 பேரும் அன்று இறந்தவர்கள் அல்லர். முந்தைய நாள்களிலும் வாரங்களிலும் இறந்து, பரிசோதனை முடிவுக்கும் சரிபார்ப்புக்கும் காத்துக் கிடந்த பதிவுகள் அன்று மொத்தமாக வெளியே வந்தன. அக்காலத்தில் மருத்துவமனைக்கு இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர்கள் அதிகம் என்பதால் தாமதமும் அதிகம். அமைச்சு அந்த ஆண்டிலேயே இறந்த தேதி வாரியான வரிசையையும் அறிவித்த தேதி வாரியான வரிசையையும் தனித்தனியாகப் பொதுவில் வைத்தது பாராட்டத்தக்க வேலை. இரண்டையும் வரைந்து பார்த்தால், அறிவித்த தேதி வரிசையில் செப்டம்பரில் கூர்மையாக நிற்கும் அந்தக் கொம்பு, இறந்த தேதி வரிசையில் கரைந்துவிடும்.

சென்னையிலும் இதுவே நடந்தது. 2020 ஜூலை 22-ஆம் தேதி தமிழ்நாடு அரசு அறிவித்த 518 மரணங்களில் 444, முந்தைய மாதங்களில் சென்னையில் இறந்து விடுபட்டுப்போனவை. மாநகராட்சியின் பதிவேட்டையும் சுகாதாரத் துறையின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் சேர்க்கப்பட்டவை அவை. அந்த ஒரு நாளின் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு ஜூலையில் நோய் வெடித்ததுபோல் தோன்றும்.

எந்த ஆண்டோடு ஒப்பிடுவது?

கோவிட் காலத்தில் மலேசியாவில் வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று கேட்கலாம். புள்ளிவிவரத் துறையின் எண்கள் இவை: 2019-இல் 173,746; 2020-இல் 166,970; 2021-இல் 224,569; 2022-இல் 206,525. 2021-ஐ அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் 57,599 பேர் கூடுதல். நோய் தொடாத 2019-ஓடு ஒப்பிட்டால் 50,823. 2020, 2021 இரண்டையும் கூட்டி, 2019-இன் இரட்டிப்போடு ஒப்பிட்டால் 44,047. மூன்றும் ஒரே அலுவலகத்தின் எண்களிலிருந்து வந்தவை. மூன்றும் பிழையற்ற கழித்தல்கள்.

இவற்றுள் எது கேள்விக்குப் பொருத்தம் என்பதைத் தீர்மானிக்க 2020-ஐ உற்றுப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு நாட்டில் சாவு குறைந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் சாலைகள் வெறிச்சோடின. சாலை விபத்து மரணங்கள் 2019-இன் 6,167-இலிருந்து 4,634-ஆக இறங்கின. மொத்தச் சரிவான ஏறக்குறைய 6,800-இல் 1,500-க்குச் சற்று மேற்பட்ட பங்கு இது. மீதிக்கு, முகக்கவசத்தாலும் தனித்திருந்ததாலும் மற்றச் சுவாசத் தொற்றுகள் குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எனவே 2020 வழக்கமான ஆண்டு அல்ல. அதை அடித்தளமாக வைத்தால் 2021-இன் உயரம் மிகைப்படும். அந்த ஆண்டு தப்பிய முதியவர்களில் சிலர் அடுத்த ஆண்டு இறந்திருக்கவும் கூடும். அவர்களுக்காகத்தான் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் வந்தது.

2019-உம் முழுமையான அளவுகோல் அல்ல. மக்கள் தொகை முதுமை அடைந்துவரும் நாட்டில் நோய் வராவிட்டாலும் ஆண்டுதோறும் சாவு சற்றே கூடும். அந்த இயல்பான ஏற்றத்தைக் கணித்துக் கழிப்பதே முறையான மிகை மரணக் கணக்கு. அமைச்சு 2021 இறுதிவரை உறுதிசெய்திருந்த கோவிட் மரணங்கள் 31 ஆயிரத்துக்கு மேல். அவற்றில் 2020-க்கு உரியவை வெறும் 471. மேலே கண்ட மூன்று விடைகளும் இதைவிடப் பெரியவை என்பது உண்மை. அந்த இடைவெளிக்குள் பரிசோதிக்கப்படாத கோவிட் சாவுகளும், படுக்கை கிடைக்காமலும் சிகிச்சை தள்ளிப்போயும் இறந்த இருதய, சிறுநீரக நோயாளிகளும், இயல்பான ஏற்றமும் கலந்திருக்கின்றன. இடைவெளி முழுவதையும் மறைக்கப்பட்ட கோவிட் சாவு என்று படிப்பது அவசரம். முழுவதும் இயல்பானது என்று ஒதுக்குவது அதைவிட மோசமான அவசரம்.

காரண வாரிப் பட்டியலுக்கு ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். 2021-இல் கோவிட்தான் முதன்மைக் காரணம் என்று துறை சொன்னது மருத்துவர் சான்றளித்த சாவுகளுக்கு மட்டும் பொருந்தும். 2020-இல் அப்படிச் சான்றளிக்கப்பட்டவை 65.6 விழுக்காடு. மற்றவை பெரும்பாலும் வீட்டுச் சாவுகள். அவற்றில் முதுமை என்பதே பெரும்பான்மையான காரணமாக எழுதப்பட்டது. தாமான் குடியிருப்பு வீட்டில் தூக்கத்தில் உயிர்விட்ட ஒரு முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியின் நெஞ்சு நோய், இருதய நோய்ப் பட்டியலில் ஏறவேயில்லை. சான்றளிக்கப்படும் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறினால் நோய்களின் வரிசையும் மாறும். நோயே மாறியிருக்க வேண்டியதில்லை.

எத்தனை நாள் வரை காத்திருப்பது?

2025 ஜூன் 9-ஆம் தேதி விடியலுக்கு முன், பேராக்கின் கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிவந்த பேருந்து கவிழ்ந்தது. சம்பவ இடத்தில் 13 பேர் இறந்தார்கள். மருத்துவமனையில் மேலும் இருவர். இறுதி எண் 15. அதற்கு ஒரு மாதம் முன்பு தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீசாரின் லாரி விபத்திலும் இடத்திலேயே எட்டுப் பேர், பின்னர் மருத்துவமனையில் ஒன்பதாமவர். காலைச் செய்தியின் எண்ணும் மாலைச் செய்தியின் எண்ணும் வேறுபடுவது யாருக்கும் வியப்பாக இருப்பதில்லை. ஆனால் முப்பத்தோராம் நாள் ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு விதி வேண்டும். உலகின் பெரும்பாலான நாடுகளைப் போல மலேசியாவும் விபத்து நாளிலிருந்து 30 நாள்களுக்குள் நிகழும் சாவையே சாலை மரணமாக எண்ணுகிறது. அதற்குப் பின் நிகழ்வது பதிவேட்டில் விபத்துக் காயத்தால் வந்த மரணம் என்று இருக்கும். காவல்துறையின் சாலை மரண எண்ணில் இருக்காது. பெருநாள் காலச் சாலைப் பாதுகாப்பு நடவடிக்கைகளின் எண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா ஆண்டும் அந்த நடவடிக்கை ஒரே நாள் கணக்கில் நடப்பதில்லை. நாள் கூடினால் சாவும் கூடும். ஒரு நாளைக்கு எத்தனை என்று வகுக்காமல் கூடியது, குறைந்தது என்று தலைப்பிடும் செய்திகள் இன்றும் வருகின்றன.

இப்படி ஒரு விதியை மாற்றினால் எண் எவ்வளவு புரளும் என்பதற்கு பிரிட்டன் சான்று. 2020 ஆகஸ்ட் 12-ஆம் தேதி வரை, இங்கிலாந்தில் எப்போதோ ஒருமுறை கோவிட் உறுதியான எவர் எதனால் இறந்தாலும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டார். அன்று, உறுதியான 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் மட்டும் என்று விதி மாறியது. ஒரே நாளில் பிரிட்டனின் மொத்த எண்ணிலிருந்து 5,377 பேர் கழிந்தார்கள்.

போர்ட்டோ ரீக்கோ தீவை 2017 செப்டம்பரில் மரியா புயல் தாக்கியது. அரசு நெடுநாள் சொல்லிவந்த சாவு எண் 64. புயலால் நேரே இறந்ததாகச் சான்று பெற்றவர்கள் அவ்வளவே. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வீடுவீடாகக் கேட்டு, அந்த ஆண்டு டிசம்பர் இறுதிவரை 4,645 கூடுதல் சாவு என்று மதிப்பிட்டார்கள். மாதிரி சிறியது என்பதால் பிழை வரம்பு மிக அகலம். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அரசுப் பதிவேடுகளை வைத்து, 2018 பிப்ரவரி வரை 2,975 என்றது. 2018 ஆகஸ்டில் அரசு அதையே ஏற்றது. மின்சாரமும் மருந்தும் இல்லாமல் மாதக் கணக்கில் சாவு தொடர்ந்த இடத்தில், புயல் எந்த நாளில் முடிந்தது என்று முடிவு செய்வதே எண்ணை முடிவு செய்கிறது.

வயதான மாநிலம், உடைந்த மாவட்டங்கள்

பேராக்கின் சாவு விகிதம் நாட்டுச் சராசரியைவிட உயர்ந்தது. இதைப் பார்த்து இங்கே மருத்துவ வசதி மோசம் என்று சொல்பவர்கள் உண்டு. வசதியைப் பற்றிக் குறை சொல்ல வேறு காரணங்கள் இருக்கலாம். இந்த எண் அதற்குச் சான்று ஆகாது. ஆயிரம் பேருக்கு இத்தனை என்று சொல்லும் சாதாரண விகிதம் வயதைப் பார்ப்பதில்லை. பேராக் நாட்டிலேயே முதியோர் பங்கு மிகுந்த மாநிலங்களில் முன்னிற்கிறது. ஈயச் சுரங்கங்கள் மூடியபின், ரப்பர் செம்பனையாக மாறியபின், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபின், பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ஊரில் நின்றவர்கள் பெற்றோர். இளையவர்கள் வேறு மாநிலத்தின் மக்கள் தொகையில் எண்ணப்படுகிறார்கள்; முதியவர்களின் சாவு பேராக்கின் கணக்கில் ஏறுகிறது. 1980-களின் விகிதத்தையும் இன்றைய விகிதத்தையும் நேராக ஒப்பிட்டால் மாநிலம் நோயுற்றுவிட்டதாகத் தோன்றும். வயதைச் சமன்செய்து கணக்கிட்டால் அந்தத் தோற்றத்தின் பெரும்பகுதி கலைந்துவிடும். இதற்கு எதிரான சாட்சி குழந்தைகளின் கணக்கு: 1957-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 75 பேர் ஓராண்டு நிறையும் முன் இறந்தார்கள், இன்று நாட்டளவில் அது ஒற்றை இலக்கம்.

விகிதத்தின் கீழெண்ணும் நகர்கிறது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒரு முறைதான். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு மதிப்பீடுதான். 2020 கணக்கெடுப்பில் பேராக் ஏறக்குறைய 25 லட்சம் பேர். புதிய கணக்கெடுப்பு வரும்போது பழைய மதிப்பீடுகள் திருத்தப்படுகின்றன. சாவு எண்ணிக்கை அசையாமல் இருந்தாலும் விகிதம் அசையும்.

மாவட்ட வாரியாகப் பார்ப்பவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. கம்பார் 2009 வரை கிந்தா மாவட்டத்தின் பகுதி. 2016-இல் பத்தாங் பாடாங்கிலிருந்து முவாலிம் பிரிந்தது. தஞ்சோங் மாலிம் அதனோடு போனது. 2017-இல் ஹிலிர் பேராக்கிலிருந்து பாகான் டத்தோ பிரிந்தது. 2008-இன் கிந்தா எண்ணையும் 2012-இன் கிந்தா எண்ணையும் அடுத்தடுத்து வைத்தால் சாவு குறைந்ததுபோல் தெரியும். கம்பாரின் எண்ணைக் கூட்டினால்தான் அந்தக் கிந்தா பழைய கிந்தா ஆகும். இன்னும் பின்னால் போனால் மாநிலத்தின் எல்லையே மாறுகிறது. லுமுட்டும் பங்கோரும் அடங்கிய டின்டிங்ஸ் பகுதி 1935 பிப்ரவரி வரை நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தது. அதற்கு முந்தைய பேராக் அறிக்கைகளில் பங்கோர் மீனவரின் சாவைத் தேடினால் கிடைக்காது.

இறந்த இடமா, வாழ்ந்த இடமா என்ற கேள்வியும் உடன் வருகிறது. கடுமையான நோயாளிகள் மாநிலம் முழுவதிலுமிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள். இறந்த இடத்தை வைத்து எண்ணினால் கிந்தா மிக ஆபத்தான மாவட்டமாகிவிடும். கெரிக் விபத்தில் இறந்த மாணவர்கள் பேராக்கில் இறந்தவர்கள். அவர்கள் புறப்பட்டது திரெங்கானுவின் ஜெர்த்தேயிலிருந்து. எந்த மாநிலத்தின் அட்டவணையில் அவர்கள் இருக்க வேண்டும் என்பது, அட்டவணை எதற்காகத் தயாரிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. சாலையைத் திருத்த நினைப்பவருக்கு ஒரு விடை. ஒரு மாநில மக்களின் ஆயுளை அளக்க நினைப்பவருக்கு மற்றொன்று.

தோட்டத்தின் ஆயிரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் சாவு விகிதம் அச்சுறுத்தும் அளவில் இருந்தது. 1911-இல் அது ஆயிரத்துக்கு 60-ஐத் தாண்டியது. முக்கியக் காரணம் மலேரியா. கிள்ளானில் 1901 முதல் பணிபுரிந்த மருத்துவர் மால்கம் வாட்சன், மேட்டு நிலக் காட்டை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டதும் அனாபிலஸ் மாக்குலாட்டஸ் என்ற கொசு அவற்றில் பெருகியதைக் கண்டறிந்தார். ரப்பருக்காகக் காடு திறந்த ஆண்டுகளில் சாவு ஏறி, வடிகாலும் எண்ணெய்த் தெளிப்பும் மருத்துவமனையும் வந்தபின் இறங்கியது. ஒரு தோட்டத்தின் இருபதாண்டுச் சராசரி அந்த முதல் ஆண்டுகளைப் புதைத்துவிடும். முதல் மூன்று ஆண்டுகளை மட்டும் எடுத்தால் அது கொலைக்களம். தோட்டத் தரப்பு நீண்ட சராசரியையும் அதன் எதிர்ப்பாளர்கள் குறுகிய உச்சத்தையும் விரும்பியதில் ஆச்சரியமில்லை.

அந்த விகிதத்தின் கீழெண் எது என்பதுதான் இன்னும் நுட்பமான இடம். தோட்டங்களின் விகிதம் பொதுவாக ஆண்டின் சராசரி ஆள்கணக்கை வைத்துக் கணிக்கப்பட்டது. ஆனால் தோட்டத்து ஆள்கள் ஓரிடத்தில் நின்றவர்கள் அல்லர். கங்காணி அழைத்து வந்தவர்கள், வேறு தோட்டத்துக்கு ஓடியவர்கள், கப்பலேறி ஊர் திரும்பியவர்கள் என்று தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் நிரம்பியும் காலியாகியும் வந்தன. கற்பனையாக ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டின் எந்த நாளிலும் அங்கே 300 பேர்; ஆண்டு முழுவதும் வந்து போனவர்கள் 600 பேர்; இறந்தவர்கள் 12. சராசரி ஆள்கணக்கின்படி ஆயிரத்துக்கு 40. அங்கே காலடி வைத்த மனிதர்களின்படி ஆயிரத்துக்கு 20. இனி, நோய் முற்றி வேலையிலிருந்து நின்று ஊருக்குத் திரும்பும் வழியிலோ ஊரிலோ இறந்தவர்கள் 6 பேர் என்று கொண்டால், முதல் முறையின் விகிதம் 60 ஆகிவிடும். அந்த 6 பேர் தோட்டப் பதிவேட்டில் இல்லை. இறந்த தேதி வரும்போது அவர்கள் தொழிலாளர்கள் அல்லர்.

இது வெறும் கணித விளையாட்டு அல்ல. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சேர்ந்து பினாங்கில் இறங்கியவர்கள் ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார்கள். அங்கே இறந்தவர் பேராக் தோட்டத்துக்கு எழுதப்பட்ட ஆளாக இருந்தாலும் பேராக்கின் பதிவேட்டை எட்டவில்லை. ஒரு தொழிலாளியின் வாழ்வில் மிக ஆபத்தான காலம் வந்திறங்கிய முதல் மாதங்களும், உடல் ஓய்ந்து வேலையை விட்ட கடைசி மாதங்களும். தோட்டக் கணக்கு இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் அளந்தது. அப்படி அளந்தும் 60 வந்தது என்பதே அந்தக் காலத்தைப் பற்றிப் போதுமான செய்தி.

1918-இன் இன்ஃப்ளூயன்சாவை ஆண்டு அறிக்கையில் மட்டும் தேடுபவர் அதன் வேகத்தைத் தவறவிடுவார். மலாயாவை அது கடுமையாகத் தாக்கியது அக்டோபர், நவம்பர் மாதங்களில். தோட்டத் தொழிலாளர்களிடையே சாவு மிகுதி. இரண்டு மாதப் பேரழிவைப் பன்னிரண்டு மாதங்களால் வகுத்தால் அது ஒரு மோசமான ஆண்டு மட்டும் ஆகிவிடுகிறது.

1931-உம் 1947-உம்

மலாயாத் தமிழர் வரலாற்றில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் கால இடைவெளி, 1931, 1947 கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்டது. 1931 கணக்கெடுப்பில் சிங்கப்பூர் உட்பட மலாயாவில் இந்தியர்கள் ஏறக்குறைய 6 லட்சத்து 20 ஆயிரம். 1941-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு போரால் நடக்கவில்லை. அடுத்தது 1947, அப்போது இந்தியர்கள் 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இயல்பாகப் பெருகியிருக்க வேண்டிய சமூகம் பதினாறு ஆண்டுகளில் சுருங்கியிருந்தது. இந்தச் சுருக்கத்தை அப்படியே ஜப்பானியர் ஆட்சியின் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் மேடைகளில் உண்டு.

அந்தப் பதினாறு ஆண்டுகளில் மூன்றரை ஆண்டுகள்தாம் ஜப்பானியர் காலம். 1931 ஏப்ரலில் முதல் கணக்கெடுப்பு நடந்தபோது உலகம் பொருளாதார மந்தத்தின் நடுவில் இருந்தது. ரப்பர் விலை வீழ்ந்து, 1930-இலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே தொடக்கப் புள்ளியே வடிந்துகொண்டிருந்த ஒரு குளத்தின் ஒரு நாள் மட்டம். 1934-க்குப் பின் மீண்டும் ஆள் வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடை செய்தது. போருக்கு முன்னும் பின்னும் கப்பலேறியவர்கள் உண்டு. வந்தவர், போனவர், பிறந்தவர், இறந்தவர் நால்வரும் சேர்ந்ததே அந்த ஒரு கழித்தல். அதிலிருந்து சாவை மட்டும் பிரித்தெடுக்கப் பதிவேடு வேண்டும். பதிவேடு மிகவும் ஓட்டையாக இருந்தது 1942-க்கும் 1945-க்கும் இடையில்தான்.

ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதையின் கணக்கு வேறு எல்லையில் வரையப்பட்டது. போருக்குப் பின் தொகுக்கப்பட்ட ஆவணங்களின்படி மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர்கள் ஏறக்குறைய 78 ஆயிரம். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பேராக் தோட்டங்களிலிருந்து போனவர்களும் அவர்களுள் அடக்கம். இறந்ததாகக் காட்டப்பட்டவர்கள் 29 ஆயிரத்துக்கு மேல். ஓடிப்போனதாகக் காட்டப்பட்டவர்கள் 24 ஆயிரத்துக்கு மேல். இந்த இரண்டாவது எண்ணில்தான் கணக்கின் ஓட்டை தெரிகிறது. முகாமைவிட்டு ஓடியவர் அந்த நாளோடு பட்டியலிலிருந்து நீங்கினார். பிறகு காட்டில் காலராவில் இறந்தாரா, சயாம் கிராமம் ஒன்றில் பிழைத்தாரா, நடந்தே கெடாவுக்கு வந்தாரா என்பது பட்டியலுக்குத் தேவையில்லாதது. 29 ஆயிரம் என்பது முகாம் பதிவில் இருந்தபோது இறந்தவர்களின் எண். அதைக் குறைந்தபட்ச எல்லையாகக் கொள்ளலாம்; மொத்தம் என்று கொள்ள இடமில்லை. ஒரு லட்சம், இரண்டு லட்சம் தமிழர்கள் மாண்டார்கள் என்று சொல்வதற்கும் இந்த ஆவணம் துணைநிற்காது. கொண்டுசெல்லப்பட்டவர்களே அதில் 78 ஆயிரம்தான்; அதைவிடக் கூட்டிச் சொல்பவர் வேறு ஆவணத்தைக் காட்ட வேண்டும்.

ரயில் பாதையின் காலமும் இரண்டு. 1942-இன் இறுதியில் மும்முரமடைந்த கட்டுமானம், 1943 அக்டோபர் 17-ஆம் தேதி கொன்கொய்தாவில் தண்டவாளங்கள் இணைந்ததோடு முடிந்தது. சாவு அந்தத் தேதியில் நிற்கவில்லை. பாதையைப் பராமரிக்கவும் குண்டுவீச்சில் உடைந்த பாலங்களைச் சீராக்கவும் விறகு வெட்டவும் தொழிலாளர்கள் 1945 ஆகஸ்ட் வரை அங்கே வைக்கப்பட்டார்கள். கட்டுமான காலத்துச் சாவு என்ற தலைப்பில் வரும் எண்களில் அவர்கள் சேர்வதில்லை. போர்க்கால முழுமைக்கும் என்று வரும் எண்களில் சேர்கிறார்கள். 1945-இலும் 1946-இலும் திரும்பிவந்து, புண்ணும் மலேரியாவும் தீராமல் தோட்ட மருத்துவமனைகளில் இறந்தவர்கள் இரண்டு எண்களுக்கும் வெளியே, மலாயாவின் சாதாரண இறப்புப் பதிவேட்டில், சாதாரண நோய்களின் பெயரில் இருக்கிறார்கள்.